அம்மா அப்பாவுக்கு வயதாகிறது: வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

வெஸ்டர்ன் டாய்லெட் போடலாமா, வாக்கர் வாங்கலாமா என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் யாராவது வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வாரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது அளவெடுக்க நேரம் இருக்காது. சர்ஜிக்கல் கடையில் இருப்பதை வாங்குவோம், கையில் கிடைத்த கொத்தனாரைக் கூப்பிடுவோம், இரண்டும் பொருந்தாது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறத் தொடங்கிவிட்டார், உட்கார்ந்து எழ இரண்டு முறை முயல்கிறார் என்றால் அதுவே வேலையை ஆரம்பிக்க வேண்டிய நேரம்.

கீழே சொல்லும் விலைகள் தோராயமானவை. ஊருக்கும் தரத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும்.

1. டேப்பை எடுங்கள்: முதலில் ஆளை அளங்கள், பிறகு வீட்டை

ஆளிடம் மூன்று அளவு போதும்.

உட்காரும் உயரம்: நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்காரவைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளங்கள். கட்டில், நாற்காலி, கமோடு எல்லாம் இந்த அளவைவிட 1 முதல் 2 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் எழும்போது மொத்த பாரமும் முட்டியில் இறங்கும். அதிகம் உயர்ந்தால் கால் தொங்கி, தொடை மரத்துப்போகும்.

பிடி உயரம்: வெளியே போகும் செருப்போடு நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை. கைத்தடிக்கும் வாக்கருக்கும் இதுதான் உயரம்.

எடை: கமோடு சேர், குளியல் ஸ்டூல் எல்லாவற்றிலும் தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். அவருடைய எடைக்குமேல் 25, 30 கிலோவாவது கூடுதலாகத் தாங்குவதை வாங்குங்கள். பெரியவர்கள் மெதுவாக உட்காருவதில்லை, கடைசி அரையடியில் தொப்பென்று விழுவார்கள்.

வீட்டில் அளக்க வேண்டியது கதவுகளை. நிலையின் வெளி அளவு உதவாது. கதவைத் திறந்துவைத்து, கதவுப் பலகைக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியை அளங்கள். இரண்டரை அடி நிலை போட்ட பாத்ரூமில் உண்மையில் கிடைப்பது 26 அங்குலம் சுமார்தான். சாதாரண சக்கர நாற்காலியே 24 முதல் 26 அங்குலம் இருக்கும், தள்ளுகிற கைக்கும் இடம் வேண்டும். வாங்கி வந்த பிறகு இது தெரிந்து பயனில்லை.

இன்னொன்று: சுவரைப் பாருங்கள். அவர் கைவைத்து நடக்கும் இடங்களில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். பிடிமானக் கம்பி வேண்டிய இடத்தை வீடே குறித்துவைத்திருக்கிறது.

2. பாத்ரூம்: பணத்தை இங்கே போடுங்கள்

மொத்தக் கையிருப்பு 10,000 ரூபாய்தான் என்றால் முழுவதையும் பாத்ரூமுக்கே செலவழியுங்கள். வாசலில் சரிவுப் பாதை, புதுக் கட்டில் எல்லாம் காத்திருக்கலாம்.

*இந்தியன் டாய்லெட்டை என்ன செய்வது?* இரண்டு வழிகள் உண்டு.

மலிவானது, நடுவில் ஓட்டையுள்ள கமோடு சேரை இந்தியன் பேசின் மேலேயே நிறுத்துவது. விலை 2,000 முதல் 4,000 ரூபாய். கீழே உள்ள வாளியை எடுத்துவிட்டால் போதும். ஆனால் நம் ஊர்ப் பழைய கக்கூஸ்களில் பேசினைச் சுற்றி அரையடி மேடை இருக்கும். நாற்காலியின் நான்கு கால்களும் அந்த மேடைமேல் நிற்குமா, இரண்டு கால் கீழே இறங்கிவிடுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். இரண்டு கால் மேலே, இரண்டு கால் செங்கல்மேல் என்று சமாளித்து வைப்பதைவிட வைக்காமலிருப்பது மேல்.

இரண்டாவது, இடித்துவிட்டு வெஸ்டர்ன் போடுவது. பொருள், கூலி, டைல்ஸ் எல்லாம் சேர்த்து 15,000 முதல் 30,000 வரை வரும். கடைக்குப் போகுமுன் பிளம்பரை வரவழைத்து, கழிவுக்குழாயின் நடுப்புள்ளி சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளக்கச் சொல்லுங்கள். 4, 9, 12 அங்குலம் என்று வெவ்வேறு அளவுகளில் கமோடு வரும். ஆஃபரில் கிடைத்ததென்று வாங்கிவந்து, குழாயோடு பொருந்தாமல் தரையை மறுபடி இடிப்பது சர்வசாதாரணம். ‘சுவரில் தொங்கும்’ மாடல் வேண்டாம். நாலரை அங்குலச் சுவர் அதைத் தாங்காது, தனியாக இரும்புச் சட்டம் வைக்க வேண்டிவரும். தரையில் நிற்பதை வாங்கி, வெள்ளைச் சிமெண்டோடு நிறுத்தாமல் ஸ்குரூவும் போடச் சொல்லுங்கள். வெறும் சிமெண்டில் நிற்கும் கமோடு சில மாதங்களில் ஆட ஆரம்பிக்கும். அடுக்குமாடியில் இருந்தால் தரையை உடைக்கும்போது நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் போய்விடும். அதை மறுபடி போடாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்குள் வந்து கதவைத் தட்டுவார். சிமெண்ட் இறுக நேரம் வேண்டும் என்பதால் நாலைந்து நாள் அந்த டாய்லெட் கிடைக்காது. மாற்று ஏற்பாடு இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஏற்கெனவே வெஸ்டர்ன் இருக்கிறது, ஆனால் தாழ்வு என்றால் வழி வேறு. பழைய கமோடுகள் தரையிலிருந்து 15, 16 அங்குலம்தான் இருக்கும். முட்டி தேய்ந்தவருக்கு 17 முதல் 19 வேண்டும். இதற்கு இடிக்கத் தேவையில்லை. 2, 4, 6 அங்குல உயரங்களில் ‘சீட் ரெய்ஸர்’ கிடைக்கிறது, 1,500 முதல் 3,500 ரூபாய். பக்கவாட்டில் கிளாம்ப் வைத்து இறுக்கும் வகையை வாங்குங்கள். வெறுமனே மேலே உட்காரவைக்கும் வகை ஒருபக்கம் சாய்ந்தால் நழுவிவிடும்.

*பிடிமானக் கம்பி.* துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ். 304), குறுக்களவு 32 முதல் 38 மில்லிமீட்டர், சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். இடைவெளி அதைவிட அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஒரு கம்பி 500 முதல் 1,200 ரூபாய். குறைந்தது இரண்டு வேண்டும்: கமோடு பக்கச் சுவரில் தரையிலிருந்து 28 முதல் 30 அங்குல உயரத்தில் படுக்கை வாட்டில் ஒன்று, குளிக்கும் இடத்தில் நுழையும் பக்கம் செங்குத்தாக ஒன்று. பக்கவாதம் வந்தவர் என்றால் நல்ல கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கச் சுவர்.

டவல் ராடைப் பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அது டவலின் எடைக்குச் செய்தது. ஆன்லைனில் வரும், துளையிடாமல் உறிஞ்சி ஒட்டும் வேக்குவம் கம்பிகளும் வேண்டாம். ஈரமும் சோப்பும் பட்ட டைல்ஸில் அவை எப்போது கழலும் என்று யாராலும் சொல்ல முடியாது, கழலும் நேரம் முழு பாரமும் அதன்மேல் இருக்கும் நேரமாகவே இருக்கும்.

பொருத்துபவரிடம் இதைச் சொல்லுங்கள்: டைல்ஸை டைல் பிட் வைத்து, டிரில்லில் சுத்தியல் மோடு இல்லாமல் துளைக்கவேண்டும், செங்கல்லைத் தொட்டபிறகுதான் சுத்தியல் மோடு. சின்னப் பிளாஸ்டிக் ராவல் பிளக்கும் ஒரு அங்குல ஸ்குரூவும் போதாது, டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும் நீளமான ஆங்கர் போல்ட் வேண்டும். ஹாலோ பிளாக் சுவரென்றால் போல்ட் வெற்றிடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், அங்கே பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் பிடிக்கும். குழாய்க்கும் கீசருக்கும் நேர்மேலும் நேர்கீழும் துளைக்காதீர்கள், உள்ளே பைப் ஓடும். முடிந்ததும் வீட்டிலேயே எடை கூடுதலானவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கட்டும். லேசாக ஆடினாலும் கழற்றி மறுபடி போடச் சொல்லுங்கள்.

*தரையும் கதவும்.* பளபள டைல்ஸை மாற்ற வசதியில்லையென்றால் ஒட்டும் சொரசொரப்பு டேப் போடலாம். அதைவிட முக்கியம் தண்ணீர் தேங்காமல் இருப்பது. ஓட்டம் சரியில்லாத தரையில் எந்த டேப்பும் பாசியை வெல்லாது. ஓரம் சுருளும் ரப்பர் மேட் இருப்பதைவிட இல்லாதது பாதுகாப்பு.

பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். கீல் மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள், ஒரு தச்சர் அரைநாளில் முடித்துவிடுவார். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கும் பூட்டு போடுங்கள்.

குளிக்க உட்கார நாற்காலி, காலில் ரப்பர் புஷ் உள்ளதாக. வாளியையும் தரையில் வைக்காமல் முக்காலிமேல் வையுங்கள், குனிந்து மொள்ளும்போதுதான் தலை சுற்றும். கீசர் 45 முதல் 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

3. வாசலும் மாடிப்படியும்

சரிவுப் பாதைக்கு 1:12 என்பதே விதி: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி நீளம் வேண்டும், அகலம் 3 அடிக்குக் குறையாமல். நம் தெருக்களில் அத்தனை இடம் கிடைப்பது அரிது. பைக் ஏற்றப் போட்ட சாய்வு ஏற்கெனவே இருக்கிறதே என்று அதில் சக்கர நாற்காலியைத் தள்ளாதீர்கள். ஏற்றும்போது தள்ளுபவர் மூச்சு வாங்குவார், இறக்கும்போது உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார்.

இடமில்லாதவர்களுக்கு நல்ல மாற்று அரைப்படி. 8, 9 அங்குல உயரப் படியை நடுவில் ஒரு படி கட்டி நாலு, நாலரை அங்குலமாகப் பிரித்து, பக்கத்தில் கைப்பிடி வைப்பது. காலடி முழுதும் பதிய அந்தப் படி ஒரு அடியாவது ஆழம் இருக்கட்டும். இதைக் கட்ட கொத்தனாருக்கு ஒருநாள் வேலை.

மாடிப்படியில் பெரும்பாலும் ஒருபக்கம்தான் கைப்பிடி இருக்கும். ஏறும்போது நல்ல கைப்பக்கம் வந்தால் இறங்கும்போது அது மறுபக்கம் போய்விடும். அதனால் சுவர்ப்பக்கமும் போடுங்கள், உயரம் 34 முதல் 36 அங்குலம், கடைசிப் படியைத் தாண்டி ஒரு அடி நீளட்டும். வெல்டிங் பட்டறையில் அடிக்கணக்கில் விலை சொல்வார்கள். படி ஓரங்களில் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். பைஃபோகல் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்த) கண்ணாடி போட்டவர்களுக்குக் கீழ்ப்பாதி வழியாகப் படி மங்கலாகத் தெரியும், இறங்கும்போது கால் தவறுவது அதனால்தான்.

4. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, இரவில்

கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் விளக்கு சுவிட்ச் வேண்டும். மாடிப்படிக்குப் போடுவதுபோல இருவழி சுவிட்ச் போட்டால் கட்டிலிலும் அணைக்கலாம், வாசலிலும் அணைக்கலாம். கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி பல்பு ஒன்றை நடைபாதையில் மாட்டுங்கள். மிதியடி, மிக்ஸி வயர், பேரனின் பொம்மை எதுவும் அந்தப் பாதையில் கிடக்கக் கூடாது.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்காரட்டும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுகிறார் என்றால் நீர் பிரியும் மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

தாழ்ந்த சோபாதான் முட்டிக்கு முதல் எதிரி. கைப்பிடியுள்ள மர நாற்காலி ஒன்றை டிவி முன்னால் போட்டுவிடுங்கள்.

5. கைத்தடியும் வாக்கரும்

கைத்தடி எந்தக் கையில்? வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். சினிமாவில் பார்த்த பழக்கத்தில் பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அதனால் பாரம் குறைவதில்லை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இதை இரண்டு நாள் கூடவே நின்று பழக்குங்கள்.

உயரம் முன்பே அளந்த மணிக்கட்டு அளவு. பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தடி உயரமானால் தோள் தூக்கும், குள்ளமானால் முதுகு வளையும். தாத்தாவின் பழைய பிரம்பு அழகுதான், ஆனால் அடியில் ரப்பர் இல்லாத தடி டைல்ஸில் சறுக்கும். ரப்பர் புஷ்ஷின் வரிகள் தேய்ந்தால் மாற்றுங்கள், சில பத்து ரூபாய்தான்.

வாக்கர் 800 முதல் 2,000 ரூபாய். சக்கரமில்லாததைத் தூக்கித் தூக்கி வைக்கத் தெம்பு வேண்டும். முன்னால் இரண்டு சக்கரம் உள்ளது பலருக்கும் எளிது, ஆனால் நிலைப்படிகள் நிறைந்த பழைய வீட்டில் ஒவ்வொரு வாசலிலும் முட்டும். இடுப்பு அறுவைக்குப் பிறகு எது என்று பிசியோதெரபிஸ்டைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

“எனக்கென்ன கிழட்டுத்தனம் வந்துட்டுதா?” என்ற பதில் நிச்சயம் வரும். வாதாடிப் பயனில்லை. கோயிலுக்குப் போகும்போது கூட்டத்துக்காக, மழையில் தெரு வழுக்கும் என்பதற்காக என்று தொடங்கினால் மெல்லப் பழகிவிடும்.

6. சமையலறை

தினம் எடுப்பவை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் இருக்கட்டும். பரணுக்கு ஸ்டூல் போட்டு ஏறுவது இன்றோடு நிற்கவேண்டும். அரிவாள்மனைக்குப் பதில் மேசையும் கத்தியும். நிறைந்த 14.2 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்ந்து சுமார் 30 கிலோ. தனியாக இருப்பவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் பொருந்தும்.

7. இலவசமாகக் கிடைப்பவை, அதற்கான காகிதங்கள்

கடையில் வாங்குமுன் இதைப் பாருங்கள். மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா, 2017-இல் தொடங்கியது. 60 வயது கடந்தவர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவர் என்றால் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காதுகேட்கும் கருவி, பல்செட், கண்ணாடி போன்றவை இலவசம். செயற்கை உறுப்புகள் செய்யும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ மாவட்டங்களில் முகாம் நடத்தித் தருகிறது. ஆதார், வருமானச் சான்று அல்லது வறுமைக்கோட்டு அட்டை, புகைப்படம் எடுத்துப் போங்கள்.

இதில் ஏமாறும் இடம்: முதல் முகாமில் அளவெடுத்து மதிப்பீடு மட்டும் செய்வார்கள். பொருள் கைக்கு வருவது பின்னொரு முகாமில், இடையில் மாதங்கள் ஆகலாம். அவசரத் தேவைக்கு இதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முகாம் அறிவிப்பு வந்தபிறகு விண்ணப்பித்தால் தேதி தவறிவிடும்.

பக்கவாதம், கால் அகற்றல், கடுமையான பார்வை அல்லது செவிக் குறைபாடு இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ‘வயதானதால் வந்தது’ என்று பலர் கேட்பதேயில்லை. மருத்துவர் மதிப்பீட்டில் 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். இந்த அட்டைக்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதிந்துவிட்டு, அரசு மருத்துவமனைக்கு அழைக்கும் நாளில் பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் கொண்டுபோங்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியவேண்டும். எந்த அலுவலகம் என்று தெரியாமல் தவித்தால் முதியோர் உதவி எண் 14567.

8. ரேகை விழாத விரல்கள்

ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்கு விரல்ரேகை பதியாவிட்டால் அலைய வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் உங்கள் போனில் இருந்தால் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். முதலில் உங்கள் ஆதாரை வைத்து ‘ஆபரேட்டர்’ ஆகப் பதிந்து, பிறகு ஓய்வூதியம் பெறுபவரின் ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் கொடுக்கவேண்டும். வெளிச்சம் முகத்தில் விழட்டும், கண்ணாடியைக் கழற்றுங்கள். பிரமாண் எண் (சான்றின் எண்) வந்துவிட்டதென்று நிம்மதியடையாதீர்கள். ஆணை எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும், ஓய்வூதியம் தரும் துறையைத் தப்பாகத் தேர்ந்தாலும் பின்னால் நிராகரிக்கப்படும். சில நாள் கழித்து நிலையைப் பாருங்கள். போன் ஒத்துவராதென்றால் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்வார், கட்டணம் 70 ரூபாய்.

சான்று கொடுக்க வேண்டிய காலம் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர், 80 வயது கடந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே. இ.பி.எஃப். ஓய்வூதியம் என்றால் கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு அவர்கள் ஓய்வுபெற்ற மாதம்.

ரேஷன் கடைக்குப் போக முடியாதவர்களுக்காகத் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, பொருள் வீட்டுக்கே வரும். தொடங்கியபோது வயது வரம்பு 70. அட்டையோடு கடையில் கேட்டுப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

9. ரயில் டிக்கெட்

60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போது கோட்டா இடத்தில் ‘லோயர் பெர்த் / மூத்த குடிமக்கள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள டிக்கெட்டுக்கே. குடும்பத்தோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அம்மாவுக்கு மேல்படுக்கை விழக்கூடும். அம்மா அப்பா இருவருக்கும் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்த்துப் பணம் எடுத்துவைக்காதீர்கள்.